ஹேசல் போட்ட பெருக்கல் குறி

"காசு கட்டணுமா, வேண்டாமா கண்ணு?"

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பத்து நிமிட நடைதூரத்தில் இருக்கும் அந்த மருந்துக்கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஹேசல் பிளென்கின் இருபத்தாறு வருடமாகக் கேட்டுவந்த கேள்வி இதுதான். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் இதைத்தான் கேட்பாள். கட்டிய புருஷனிடம்கூட இத்தனை தடவை பேசியதில்லை. அவனும் அதையே காரணமாகச் சொல்லித்தான் பிங்கோ கிளப்பில் பார்த்த ஒருத்தியோடு போனான். போகும்போது தண்ணீர் காய்ச்சும் நல்ல கெட்டிலையும் எடுத்துக்கொண்டு போனான். கெட்டில் போனதுதான் வருத்தம் என்பாள் ஹேசல்.

மருந்துச் சீட்டைத் திருப்பினால் பின்பக்கம் வரிசையாகக் கட்டங்கள். அறுபது வயது ஆனவரா, பிள்ளைத்தாய்ச்சியா, அரசாங்க உதவித்தொகையில் இருப்பவரா, சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவரா, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். பொருந்துகிற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டால் மருந்து சும்மா. எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்கள் ஒவ்வொரு மருந்துக்கும் பத்து பவுண்டுக்குச் சில்லறை குறைவாக எடுத்து வைக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கென்று கட்டம் கிடையாது. அந்த வியாதிப் பட்டியலை அறுபதுகளில் யாரோ உட்கார்ந்து எழுதினார்களாம். அவர்கள் வீட்டில் யாருக்கும் மூச்சு முட்டவில்லை போலிருக்கிறது. ரயிலேறி ஸ்காட்லாந்துக்குப் போனால் எல்லாருக்கும் எல்லா மருந்தும் இலவசம். ரயிலுக்கு யார் காசு கொடுப்பது?

பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்தால் ஹேசலுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கும். மூன்று மருந்து எழுதிய சீட்டை நீட்டிவிட்டு, தொகையைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுல எதை விட்டா பரவாயில்ல?" என்பார்கள். முதல் வருடம் அதைக் கேட்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மருந்தாளரான அகட்டாவைக் கைகாட்டிவிட்டு, கல்லாவுக்கு அடியில் குனிந்து ஒரு தடித்த விண்ணப்பத்தை எடுத்து நீட்டுவாள்.

"வருமானம் கம்மின்னா இதை நிரப்பி அனுப்பு கண்ணு. படிக்கிற பிள்ளைங்களுக்கும் உண்டு. சர்டிபிகேட் வந்துட்டா காசே கட்ட வேண்டாம்."

அந்தக் கட்டு தீரத் தீர இன்னொரு கட்டு வரும். நூற்றுக்கணக்கில் கொடுத்திருப்பாள். கொடுத்ததோடு சரி. ஒரு தடவையாவது அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் ஹேசலுக்கு எல்லாமே அலுத்திருந்தது. பதினாறு வயதில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் நிற்க ஆரம்பித்த கால்கள் அவை. பிறகு பட்டாணி உறையவைக்கும் இடத்தில் நின்றாள், அப்புறம் இங்கே. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. லீட்ஸில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "வேலையை விடேம்மா" என்பாள். "விட்டுட்டு? உட்கார்ந்து சுவத்தைப் பாக்கவா?" என்று இவள் கேட்பாள். அதோடு பேச்சு மழைக்கும் காற்றுக்கும் போய்விடும்.

அலுப்பு இருந்தாலும் வேலையில் அவளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. தெரிந்த முகம் வந்தால் கேள்வி கேட்கவே மாட்டாள். சீட்டைத் திருப்பி, யாருக்கு எந்தக் கட்டமோ அதில் தானே பெருக்கல் குறியைப் போட்டு, பேனாவை நீட்டுவாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். வரிசை சரசரவென்று நகரும். அந்தத் தெருவில் யாருக்கு என்ன வயது, யாருக்கு வேலை போனது, யார் வயிற்றில் பிள்ளை என்பதெல்லாம் ஹேசலுக்கு அத்துப்படி. "கம்ப்யூட்டர் நின்னாலும் ஹேசல் நிக்க மாட்டாங்க" என்று அகட்டாவே சொல்வாள்.

கேவின் ஆக்ஸ்டோபி அப்படித் தெரிந்த முகம். முப்பத்தெட்டு வயது. பதினேழு வருடம் கேரவன் கட்டும் தொழிற்சாலையில் பலகை அறுத்தவன். அந்தத் தூளில்தான் நெஞ்சு கெட்டது. ஆள்குறைப்பில் வேலை போய், இரண்டு வருடம் உதவித்தொகையில் காலம் தள்ளினான். மாதாமாதம் வருவான். காலையும் மாலையும் இழுக்க வேண்டிய பழுப்பு இன்ஹேலர் ஒன்று, மூச்சு முட்டும்போது இழுக்க நீலம் ஒன்று, கூட ஒரு மாத்திரை. ஹேசல் உதவித்தொகைக் கட்டத்தில் குறி போடுவாள், அவன் கையெழுத்துப் போடுவான், கால்பந்து அணியைப் பற்றி இரண்டு வசவு வைதுவிட்டுப் போவான்.

செப்டம்பர் கடைசியில் புதுப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"என்னப்பா, மலையேறப் போறியா?"

"காலேஜுக்குப் போறேன் ஹேசல். சின்னப் பிள்ளைங்களுக்கு வாத்தியார் ஆகறதுக்கு. மூணு வருஷம்."

"அட, நீயா! ஒண்ணாங்கிளாஸ் நாற்காலியில உன் பின்பக்கம் அடங்குமா?"

"அடங்காது. நின்னுக்கிட்டே பாடம் எடுக்கறேன்." சிரித்தான். அந்தச் சிரிப்பில் பதினேழு வருடப் பலகைத் தூளும் உதிர்ந்துவிட்டது போலிருந்தது. ஹேசலுக்கு நிஜமாகவே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே சீட்டைத் திருப்பினாள், உதவித்தொகைக் கட்டத்தில் குறியைப் போட்டாள், பேனாவை நீட்டினாள். அவன் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டான். நவம்பர் வரைக்கும் மாதாமாதம் இப்படியே நடந்தது.

முழுநேரம் படிக்கப் போனால் உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் அந்தக் கட்டமும் அவனுடையது இல்லை. இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். மற்ற யாராவது கேட்டிருந்தால் மனப்பாடமாகச் சொல்லியிருப்பாள். தெரிந்த முகமாகப் போனதுதான் வினை.

வியாழக்கிழமை தோறும் ஹேசலுக்கு ஒரு வேலை. டாக்டரிடமிருந்து நேராகக் கடைக்கே வரும் சீட்டுக்குக் கட்டிவைத்து, யாரும் வாங்க வராமல் அலமாரியில் தங்கிப்போன மருந்துப் பைகளை எடுத்து, பெயரைப் படித்து, உள்ளே இருப்பதைத் திரும்பவும் இருப்பில் சேர்க்க வேண்டும். ஜனவரியில் ஒரு வியாழன் கேவினுடைய பை கையில் வந்தது. மறந்திருப்பான் என்று நினைத்து அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தாள். பிப்ரவரியில் அதன் பக்கத்தில் இன்னொரு பை சேர்ந்தது. ஆக்ஸ்டோபி, ஆக்ஸ்டோபி என்று இரண்டு சீட்டு.

"இதை எடுத்துடலாம் ஹேசல். ஆள் வேற எங்கயாவது வாங்குவாரா இருக்கும்" என்றாள் அகட்டா.

"அடுத்த வாரம் பாக்கலாம்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க."

"முழங்கால் வலிக்குதும்மா. குனிய முடியல" என்று சமாளித்தாள். பை இருந்தது கழுத்து உயரத்தில்.

அந்தச் சனிக்கிழமை மதியம், நியூலேண்ட் அவென்யூவில் மீன் வறுக்கும் கடைக்குப் போகும்போது கேவினைப் பார்த்தாள். விளக்குக் கம்பத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பார்ப்பது போல் நின்றிருந்தான். போன் திரை அணைந்து கிடந்தது. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. இருபத்தாறு வருடமாக மூச்சு முட்டுகிறவர்களைப் பார்த்தவளுக்கு அது போதாதா?

"உன் மருந்து அலமாரியில உக்காந்துக்கிட்டிருக்கே, எங்கடா போனே?"

அவன் பதில் சொல்ல நேரம் பிடித்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்து இழுத்தான். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் வேறு பெயர் இருந்தது.

"அக்கா பையனோடது. ரெண்டு நாளைக்குக் கடன்."

"அட கடவுளே! அவனுக்கு முட்டினா என்ன பண்ணுவான்?"

"அவன்கிட்ட இன்னொண்ணு இருக்கு. திட்டாதீங்க ஹேசல்."

அவனை மீன் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, உருளைக்கிழங்கை மசித்துப் பொரித்த வடையும் சிப்ஸும் வாங்கி, மிளகாய்ப்பொடி மசாலாவைத் தூவி முன்னால் நகர்த்தினாள். அவன் சாப்பிடாமல் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். மருந்துக் கட்டண அலுவலகத்திலிருந்து வந்தது. இலவசத்துக்கு உரிமை இருப்பதாகப் பொய் சொல்லி மருந்து வாங்கியிருக்கிறார், ஆகவே மருந்தின் விலையும் அதற்கு மேல் அபராதமும் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. இதே மாதிரி இன்னும் இரண்டு கடிதம் வீட்டில் இருக்கிறதாம்.

"திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்க. வாத்தியார் ஆகப் போறவனுக்கு நல்ல ஆரம்பம், இல்ல?" என்றான். "அதுக்கப்புறம் உங்க கடைப்பக்கம் வரவே பயமாயிடுச்சு. காசு கட்டி வாங்கவும் கையில இல்ல. திரும்ப எதையாவது தப்பாப் போட்டு, காலேஜுக்குத் தெரிஞ்சு, அவங்க வெளிய அனுப்பிட்டா?"

"யாரு போட்டது அந்தக் குறி?"

"நான்தான் போட்டிருப்பேன். கையெழுத்து என்னோடதுதானே."

போட்டது தன் கைதான் என்று ஹேசலுக்குத் தெரியும். இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. சிப்ஸ் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். இதை எழுதும்போது எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று சொல்லத் தெரியவில்லை.

அவன் பேசிக்கொண்டே போனான். பயிற்சிக்காக ஒரு பள்ளியில் விட்டிருக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை மட்டும் காலேஜ், மற்ற நாளெல்லாம் மதியம் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க வேண்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. பாதி வாக்கியத்தில் நின்றால் பிள்ளைகளே மீதியைச் சொல்லி முடிக்கிறார்கள். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

"அங்க இருக்கற டீச்சர் சிரிக்கல. 'உங்க உடம்பு இந்த வேலைக்குத் தாங்குமான்னு யோசிங்க'ன்னு சொல்லிட்டாங்க. ஈஸ்டருக்குள்ள சரியாகலைன்னா பயிற்சியை நிறுத்திடுவாங்களாம். அது நின்னா படிப்பும் நின்னுது."

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணினாள். ஹேசல் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"நீ வாயைத் திறக்காதம்மா" என்றாள் மகள். "கையெழுத்துப் போட்டவங்கதான் பொறுப்புன்னு அந்தச் சீட்டுலயே எழுதியிருக்கில்ல? ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு, இப்பப் போய் வேலையைக் கெடுத்துக்காத."

"சரிதான்" என்றாள் ஹேசல். மகள் சொன்னதில் தப்பில்லை. சட்டப்படி அத்தனையும் சரி. போனை வைத்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்தச் சீட்டில் எழுதியிருப்பதை யாரும் படிக்காதபடி பார்த்துக்கொண்டவளே அவள்தான். கட்டத்தில் கட்டைவிரலை வைத்து, குறியைப் போட்டு, இங்கே போடு என்று பேனாவை நீட்டியவள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு அரைநாள் லீவு. கல்லாவுக்கு அடியில் குனிந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அகட்டாவிடம் போய், "மூணு மாசம் ஒருத்தருக்குத் தப்பான கட்டத்துல நானே குறி போட்டுட்டேன். அவருக்கு அபராதம் வந்திருக்கு. எழுதிக் கொடுக்கப் போறேன். நீ மேல சொல்லணும்னா சொல்லிக்கோ" என்றாள். அகட்டா வாயைத் திறப்பதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பத்து நிமிட நடைதூரம் அந்த முழங்கால்களுக்கு அரைமணி ஆனது. ஹம்பர் நதிப் பக்கமிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. இருபத்தாறு வருடம் இத்தனை பக்கத்தில் இருந்தும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் அவள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. யாராவது நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்பார்கள் என்று பயந்தாள். யாரும் கேட்கவில்லை. மாணவர்களுக்கான உதவி மேஜை ஒன்று வாசலிலேயே இருந்தது. அதன் மேல் அவள் அக்குளில் இருந்த அதே விண்ணப்பம் ஒரு கட்டு, பிரிக்காத நாடாவோடு கிடந்தது.

கேவின் சிற்றுண்டிக் கூடத்தின் மூலையில், தன் வயதில் பாதி இருக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"உட்காரு. நான் நின்னுக்கிட்டே சொல்லிடறேன், இல்லைன்னா சொல்ல மாட்டேன். அந்தக் குறி உன்னோடது இல்ல. மூணும் நான் போட்டது."

"நீங்களா?"

"காலேஜுக்குப் போறேன்னு நீ சொன்ன அன்னிக்கே போட்டேன். சந்தோஷத்துல கை பழைய கட்டத்துக்கே போயிடுச்சு. சனிக்கிழமையே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அவன் முகம் சிவந்தது. "ரெண்டு மாசமா நான் என்னைத் திருடன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் ஹேசல். கண்ணாடியில என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல. நீங்க எனக்குச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்துட்டு உக்காந்திருந்தீங்க!" குரல் உயர்ந்தது. உயர்ந்த இடத்தில் மூச்சு தீர்ந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினான். சுற்றி இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹேசல் கைப்பையைத் திறந்து அவனுடைய மருந்துப் பையை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதுக்கு இன்னிக்கு நான் கட்டிட்டேன். வேண்டாம்னு சொல்லாத, எனக்கு நிக்க முடியல. முதல்ல நீலத்தை இழு, அப்புறம் பழுப்பை. நீலத்தை மட்டும் வச்சுக்கிட்டு ஓட்டறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. பழுப்பை நிறுத்தாம இழுத்தாத்தான் நீலம் தேவைப்படாது."

அவன் பையைப் பிரித்து இரண்டையும் எடுத்தான். ஒவ்வொன்றாக இழுத்தான். அவளும் எதிரில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பிரித்தாள்.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பக்கம் பக்கமாகக் கேள்வி. கூட யார் வசிக்கிறார்கள், வாடகை எவ்வளவு, கல்விக் கடன் எந்தத் தேதியில் வருகிறது, விடுமுறை எப்போது ஆரம்பிக்கிறது, வங்கியில் என்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி. நாலாம் பக்கத்தில் அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். ஏழாம் பக்கத்தில் கேவின், "விடுங்க, இது நமக்குச் சரிப்படாது" என்று எழுந்தான்.

"உக்காருடா! இருபத்தாறு வருஷமா இதைப் பிள்ளைங்க கையில திணிச்சுட்டு, பெரிய உபகாரம் பண்ணிட்டதா நினைச்சு வீட்டுக்குப் போயிருக்கேன். ஒருத்தர்கூட ஏன் சர்டிபிகேட்டோட திரும்பி வரலைன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா? இதை முடிக்காம நான் எழுந்திருக்க மாட்டேன். முழங்காலும் ஒத்துழைக்காது."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே விளக்கு போடும் நேரத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். தனித் தாளில் ஹேசல் அபராத அலுவலகத்துக்கு எழுதினாள். குறிகள் மூன்றும் என் கையால் போட்டவை, அந்த மனிதர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார், பெயர் ஹேசல் பிளென்கின், வேலை மருந்துக்கடைக் கவுண்டர். எழுதி முடித்ததும் அதைப் படித்துப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டினாள்.

கடை முதலாளி ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஹேசல் அதை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அபராதத்தை ரத்து செய்தார்கள். மருந்தின் விலையை மட்டும் கேவின் கட்ட வேண்டியிருந்தது. சர்டிபிகேட் மார்ச் கடைசியில் வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, கடை மூட இருபது நிமிடம் இருக்கும்போது வரிசையில் வந்து நின்றான். மூச்சு சீராக இருந்தது.

"காசு கட்டணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள் ஹேசல்.

"என்னைத் தெரியலையா?"

"தெரியல. யாரையுமே தெரியல. பேனா அங்க இருக்கு, படிச்சுப் பாத்து நீயே போடு."

அவன் படித்து, சரியான கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்துப் போட்டான். நேற்று ஒரு கதையை முழுசாக வாசித்தானாம். "பிள்ளைங்களுக்குத்தான் ஏமாத்தம். அவங்க சொல்றதுக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்கல" என்றான். பின்னால் நின்ற கிழவி பொறுக்காமல் தடியால் தரையைத் தட்டினாள்.

"இவ முன்னெல்லாம் மளமளன்னு அனுப்புவா. இப்ப என்ன வந்துது இவளுக்கு? எனக்கு எழுபத்தொம்பது வயசுன்னு ஊருக்கே தெரியும்!"

"எனக்குத் தெரியாது. காசு கட்டணுமா, வேண்டாமா?"

கிழவி முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினாள். வரிசை வாசல்வரை போயிற்று. ஹேசலுக்கு இடுப்புக்குக் கீழே உயிரே இல்லை. கடைசியாக ஒரு மாணவி வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும், கழுத்தில் நனைந்த மஃப்ளர். மூன்று மருந்து எழுதிய சீட்டை நீட்டினாள். தொகையைக் கேட்டதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இதுல எதை விட்டா பரவாயில்ல?"

கடை மூட மூன்று நிமிடம் இருந்தது. அகட்டா பாதி விளக்கை அணைத்துவிட்டாள். ஹேசல் பெருமூச்சு விட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்கு அடியில் குனிந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள். பெண் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். ஹேசல் கொடுக்கவில்லை. கவுண்டரின் மேல் வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"எதையும் விட வேண்டாம். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு கண்ணு. உன் பேரு என்ன?"